சொட்டு விடாத பம்பு

நங்கை,

இன்றைக்குக் காலையில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து தரையை மோந்து பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஆள், மடித்துக் கட்டிய வேட்டி, ஒரு கையில் பால் பாக்கெட், தலை பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு அடியில். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "ஏனுங் சார், ஏதாச்சும் உளுந்துபோச்சுங்களா" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் நகரவில்லை. ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதன் எதற்காகத் தரையை மோந்து பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குக் காபி இறங்காது.

தரையில் சிவப்பாக ஒரு சொட்டு இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவ்வளவுதான். ஸ்டீயரிங் பம்பு ஒழுகுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். இப்போது வருகிற கார்களில் ஸ்டீயரிங்குக்கு ஆயிலே கிடையாது, கரண்டில் சுற்றுகிறது என்பதெல்லாம் என் மூளைக்குத் தெரியும். முட்டிக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு மடங்கிவிட்டது. விரலில் தொட்டு மூக்கில் வைத்தால் மஞ்சளும் சுண்ணாம்பும். புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள், அந்த வீட்டம்மா ஆரத்தி எடுத்து ஊற்றியிருக்கிறார்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு. வலது கைதான் அந்த உயரத்துக்கு எழும்பாதே.

நாம் நங்கை என்கிற அண்ணன் பெண்டாட்டியை மற்ற சீமைக்காரர்கள் அண்ணி என்கிறார்கள். நானும் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுத ஆரம்பித்த புதிதில், நாகரிகம் முற்றிப்போய், ஒருநாள் உங்களை அண்ணி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "நல்லா நங்கைன்னு கூப்புடுங்க கொழுந்தனாரே, அண்ணின்னா எனக்குச் சீமந்தம் பண்ணி மூலைல உக்கார வெச்ச மாதிரி இருக்குது" என்றீர்கள். உட்காருவது என்றாலே உங்களுக்கு ஆகாது. சாப்பாடு நின்றுகொண்டு, பேப்பர் படிப்பது நடந்துகொண்டு, டி.வி. பார்ப்பது துணி மடித்துக்கொண்டு. முழுசாக நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் அந்தக் காரின் டிரைவர் சீட்டு.

அந்தக் காரைப் பற்றி ஆர்.எஸ்.புரத்தில் பேசாத வாய் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து, குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரிடம் பல வருஷம் கிடந்து, பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்த பிறகு நம் வீட்டுக்கு வந்தது. பம்புப் பட்டறைக்காரருக்கு எதற்கு இந்தக் கப்பல் என்று எதிர்வீட்டு அம்மணி எங்கள் வீட்டுச் சமையல்காரியிடம் கேட்டதும், அவள் இருக்கிறதும் இல்லாததும் சேர்த்துப் பதில் சொன்னதும் எனக்குத் தெரியும். நான் அப்போது கல்யாணம் ஆகாதவன். அண்ணனின் பட்டறையில் கணக்குப் பார்ப்பதாகப் பேர். உண்மையில் தெருவில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதுதான் என் கணக்கு.

கார் வந்த காரணம் உங்கள் தோள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அவிழ்க்கச் சொல்லும் முன்னாலேயே இவளே அவிழ்த்துவிட்டாள் என்று அண்ணன் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எப்படியோ, அந்தக் கை ஒரு அளவுக்கு மேல் எழும்பாது, பலமாக எதையும் இழுக்காது. வீட்டில் ஏற்கெனவே இருந்த காரின் ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதற்குச் சமம். சிங்கப்பூர்க் காரிலோ பவர் ஸ்டீயரிங். இஞ்சின் பக்கத்தில் பெல்ட்டில் சுற்றுகிற ஒரு சின்னப் பம்பு, அதற்குள் சிவப்பு ஆயில். அந்த ஆயில் அழுத்தம் கொடுக்கும், சக்கரம் திரும்பும். ஒரு விரலை வைத்து நீங்கள் ரேஸ்கோர்ஸ் வளைவில் திரும்பியபோது அண்ணன் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு உங்களை யார் பிடிப்பது? வெள்ளகோவிலில் உங்கள் அப்பா தனியாக இருந்தார், கண் மங்கிக்கொண்டு வந்தது. நினைத்தால் சாவியை எடுப்பீர்கள். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில். சாயங்காலம் திரும்பிவிடுவீர்கள், டிக்கியில் முருங்கைக்காயோடு. யாரையும் கேட்கவேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்கவேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டுப் பெண் அப்படிப் போவதென்றால் அது ஒரு செய்தி. நானே சில இடங்களில் அதைப் பரப்பியிருக்கிறேன், பெருமையாகத்தான்.

அப்புறம் போர்ட்டிகோவில் சிவப்புச் சொட்டு விழ ஆரம்பித்தது.

முதலில் என் மேல்தான் சந்தேகம். வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டேன் என்று சமையல்காரி சத்தியம் பண்ணினாள். எதிர்வீட்டு அம்மணி, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள், எலுமிச்சம்பழம் கிடந்ததா பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள்தான் குனிந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தீர்கள். காய்ந்த வெல்லமும் பழைய தலையெண்ணெயும் சேர்ந்தாற்போல் ஒரு வாசம். ஆயில் என்றீர்கள்.

அண்ணன் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "பம்புன்னா சொட்டத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துப் பம்பில் சுழல்கிற தண்டு, அதாவது ஷாஃப்ட், வெளியே வருகிற இடத்தில் கிரீஸ் ஊறிய கயிற்றைச் சுற்றி, மேலே நட்டு வைத்து இறுக்குவார்கள். கிளாண்டு என்று பேர். முழுக்க இறுக்கினால் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் கயிறு காய்ந்து, ஷாஃப்ட் சூடேறி எரிந்துவிடும். அதனால் சொட்டுச் சொட்டாக விழுகிற பக்குவத்தில் விடவேண்டும். அந்தச் சொட்டுதான் பம்பு உயிரோடு இருக்கிறதற்கு அடையாளம். அண்ணன் புதுப் பம்பைச் சோதிக்கும்போது மீட்டரைப் பார்க்கமாட்டார். குனிந்து கிளாண்டுக்கு அடியில் சொட்டைப் பார்ப்பார். பார்த்தபின்தான் அவர் முகத்தில் ரத்தம் வரும். கோயமுத்தூரில் பாதிப் பேர் அப்படிக் குனிந்து பார்த்தே சம்பாதித்தவர்கள்.

ஆகவே சொட்டட்டும் என்று விட்டோம். நீங்கள் சிவப்பு ஆயில் டப்பா ஒன்றை டிக்கியில் வைத்துக்கொண்டு ஊற்றி ஊற்றி ஓட்டினீர்கள். ஒருநாள் வெள்ளகோவிலிலிருந்து திரும்பும்போது டப்பா காலி. காங்கேயம் தாண்டியதும் பம்பு முனக ஆரம்பித்து, அப்புறம் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. நடுவில் எங்கேயாவது நிறுத்தி எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அந்தக் கல்லை இடது கையாலும் உடம்பு மொத்தத்தாலும் திருப்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தீர்கள். மறுநாள் தலை வார முடியவில்லை. கண்ணாடி முன்னால் சீப்பை வைத்துக்கொண்டு நீங்கள் நின்றதை அண்ணன் வாசற்படியிலிருந்து பார்த்தார். நேராக ஹாலுக்குப் போய்ப் பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். அங்கே பழைய கார்களின் மேல் ஆசை வைத்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கிறேன் என்றார்.

உங்களுக்கு நல்லதாக ஒரு டிரைவர் போட்டுவிடுவதாக அண்ணன் சொன்னார். அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லி உங்களுக்குச் சொல்லச் சொன்னார். நம் வீட்டில் முக்கியமான விஷயமெல்லாம் என் வழியாகத்தான் போகும், ஓட்டைப் பைப்பில் தண்ணீர் போகிற மாதிரி.

"டிரைவரு கூட்டீட்டுப் போயி எறக்கி உட்டு, அவரு டீ குடிச்சு முடிச்சதும் திருப்பி ஏத்தீட்டு வாரதுக்கு நா என்ன பார்சலுங்களா" என்று கேட்டீர்கள். குரல் உயரவில்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நின்று, "பம்பு செரியாயிட்டா விக்கறதுக்குக் காரணமில்லயல்ல" என்றீர்கள். என்னைக் கேட்கவில்லை. சுவரைக் கேட்டீர்கள்.

ஊரில் இரண்டு மெக்கானிக்குகளைப் பார்த்தோம். ஒருவர் இந்தப் பம்பு சிங்கப்பூரிலிருந்துதான் வரவேண்டும், மழைக்காலத்துக்குள் வந்தாலும் வரும் என்றார். இன்னொருவர் பவர் ஸ்டீயரிங்கையே கழற்றிவிட்டு சாதா ஸ்டீயரிங் மாட்டிக்கொள்ளலாம், தொல்லை ஒழிந்தது என்றார். அவரை நீங்கள் பார்த்த பார்வையில் மனிதர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அண்ணன் பட்டறைக்குக் கிளம்பியதும் நாமே இறங்கினோம். நாம் என்றால் மூளை நீங்கள், வலது தோள் நான். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முதலில் பம்பைத் துணியால் துடைத்துவிட்டு, அண்ணன் முகத்துக்குப் போடுகிற பவுடரை அதன் மேல் முழுக்கத் தூவினீர்கள். இஞ்சினை ஓட விட்டோம். வெள்ளைப் பவுடரில், பெல்ட் சுற்றுகிற புல்லிச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கியது, பூசாரி நெற்றி மாதிரி. ஹோஸ் இல்லை, மூடி இல்லை. ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்திலிருக்கும் ரப்பர் சீல்தான். அந்தச் சீல் வளையத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், குழந்தை மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் ரப்பரை ஷாஃப்டோடு கவ்விப் பிடிக்க வைக்கிறது. நம்முடையதில் ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது.

பெல்ட்டைத் தளர்த்தி, ஹோஸைக் கழற்றி, ஆயிலைப் பழைய அலுமினியத் தட்டில் பிடித்து, பம்பை வெளியே எடுப்பதற்குள் நான் என் பரம்பரையையே திட்டிவிட்டேன். போல்ட் ஒன்று வரவே மாட்டேன் என்றது. "அதைத் திட்டாதீங்க, தட்டுங்க" என்றீர்கள். தட்டினேன். என் கட்டை விரலில் பட்டது. நீங்கள் சிரிப்பை அடக்க எழுந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தீர்கள்.

பழைய சீலில் நம்பர் தேய்ந்துபோயிருந்தது. அதைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து உக்கடம் போனோம். சீல் விற்கிற பாயின் கடையில் வளையல் கடை மாதிரிச் சரம் சரமாகத் தொங்கும். பாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளளவு சரி, வெளியளவு பெரிது என்றீர்கள். இன்னொன்று. இது தடிமன் அதிகம். இன்னொன்று. பட்டறையிலிருந்து நான் லவட்டி வந்த வெர்னியரை வைத்து நீங்கள் ஒவ்வொன்றாக அளந்து ஒதுக்க ஒதுக்க, பாய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, சீல் வாங்க வந்தீங்களா, மகனுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா" என்றார்.

"மருமகள்னா கொஞ்சம் ஒழுகுனாலும் சகிச்சுக்கலாமுங்க பாய்" என்றீர்கள். பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் ஏதோ நூல் மில் மிஷினுக்கென்று வந்த சரத்தில் ஒன்று சிக்கியது. அளவு அப்படியே பொருந்தியது. ஒன்று போதும் என்று நான் சொல்ல, இரண்டாகக் கொடுங்கள் என்றீர்கள். அந்த இரண்டாவது எதற்கு உதவப்போகிறது என்று உங்களுக்கும் தெரியாது.

அண்ணன் பட்டறைப் பித்தளை புஷ் வளையம் ஒன்றை மேலே வைத்து, நான்கு பக்கமும் சமமாகத் தட்டித் தட்டி சீலை இறக்கினோம். எல்லாவற்றையும் மாட்டி, புது ஆயில் ஊற்றி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியே வருகிற வரை காத்திருந்தோம். காத்திருந்தேன் என்று திருத்திக்கொள்கிறேன். நீங்கள் அதற்குள் போர்ட்டிகோவைக் கழுவி முடித்திருந்தீர்கள்.

அடியில் பேப்பரை விரித்தோம். இஞ்சின் ஓடியது. சொட்டு இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது. சொட்டே இல்லை. நீங்கள் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருதமலை அடிவாரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டினீர்கள். வளைவு வந்த இடத்திலெல்லாம் தேவைக்கு மேல் திருப்பினீர்கள். நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முருகனிடம் என் தரப்பை எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கார் ஒழுகவில்லை என்று நீங்களும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்காரர் முன்னால் பேப்பரை விரித்துக் காட்டுவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எதிர்வீட்டு அம்மணியோடு பேரூர் கோயிலுக்குப் போனீர்கள்.

சனிக்கிழமை காலை பேப்பரில் சொட்டு இருந்தது.

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீங்கள் அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். நீங்கள் அசையாமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனாலேயே பயந்துபோனேன். சீலைக் கோணலாக இறக்கிவிட்டேனா? பாய் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா? ஞாயிறுக்கு ஒரே நாள். திரும்பவும் கழற்றினோம். இந்த முறை அந்தப் பிடிவாத போல்ட் தொட்டவுடன் வந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் இல்லை.

சீலில் ஸ்பிரிங் இல்லை.

விரலை விட்டுச் சுற்றிலும் தடவினீர்கள். உடைந்து உள்ளே போயிருக்குமோ என்று ஆயிலையெல்லாம் துணியில் வடிகட்டினோம். இல்லை. "போடறப்ப இருந்துச்சு, நா பாத்தேன்" என்றீர்கள். கை துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனவர் வர நேரமாயிற்று. திரும்பி வரும்போது உங்கள் ஒரு கையில் அண்ணனின் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையின் மேல் விரல் பட்ட சிவப்புக் கறை. இன்னொரு கையில் அந்தச் சின்ன ஸ்பிரிங். ஊற வைக்க எடுத்தபோது பையிலிருந்து விழுந்ததாம்.

அண்ணன் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பெண்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அன்று வந்தது உச்சக்கட்ட மரியாதை.

"ஏனுங்க, ஒரு வெசயம் கேக்கலாமுங்களா? இது உங்க சட்டைப் பையில இருந்துச்சுங்க. நானுங்க, உங்க தம்பியுங்க, நாளெல்லாம் வண்டிக்கடியில கெடந்து மாட்டுனதுங்க. நா கோயலுக்குப் போன நேரம் பாத்து எதுக்குங்க கழட்டுனீங்க? விக்கறதுக்கு ஒரு சொட்டு வேணும்னு நெனச்சீங்களாங்க?"

நான் வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன். செய்தி முழுவதும் காதில் விழவேண்டும், தட்டு பறந்தால் மேலே படக்கூடாது, அந்தத் தூரம்.

அண்ணன் தலை நிமிரவில்லை. "சொட்டே இல்லாம இருந்துச்சு" என்றார்.

"இல்லாம இருக்கோணும்னுதானுங்க மாட்டுனது."

"கை வெச்சுப் பாத்தேன் அம்மிணி. கொதிக்குது. சொட்டு உடாம ஓடற பம்பு எந்நேரம் புடிக்கும்னு யாரு கண்டா? நீ தனியாப் போறவ. காங்கயம் ரோட்டுல புடிச்சு நின்னுபோச்சுன்னா அந்தத் தோளை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? அதான் கொஞ்சம் லூசு பண்ணி உட்டேன்."

நீங்கள் ஸ்பிரிங்கை விரலில் போட்டுத் திருப்பினீர்கள். அப்புறம் 'ங்க' எல்லாம் குறைந்துபோன குரலில் கேட்டீர்கள்.

"நாளைக்கு விக்கற வண்டி காங்கயம் ரோட்டுக்கு எதுக்குப் போகுது?"

அண்ணனின் கை சட்னியில் நின்றது.

"பொள்ளாச்சிக்காரரை வர வேண்டாம்னு வேசாழக்கெழமையே சொல்லிப்போட்டேன்" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார். இட்லி பாதி மிச்சம்.

ஏன் என்று அவர் உங்களிடம் கடைசி வரைக்கும் சொல்லியிருக்கமாட்டார். வழக்கம்போல என்னிடம் சொன்னார். இந்த முறை சொல்லி அனுப்பவில்லை, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. இப்போது சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வடவள்ளியில் ஒரு தோட்டத்துக்காரரைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நின்றிருக்கிறார். நம் கார் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. "அவ வாயைத் தொறந்து சிரிச்சுட்டுப் போறா, நீ பக்கத்துல சாமி கும்புட்டுட்டுப் போற" என்றார். "கண்ணாலமான நாளா அப்படிச் சிரிச்சு நா பாத்ததில்ல. அப்பறம் எப்படி விக்கறது?" டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பக்கத்து பூத்துக்குப் போய்ப் பொள்ளாச்சிக்குப் பேசியிருக்கிறார். வண்டியை விற்பதில்லை என்று முடிவானதும் அவருக்கு அடுத்த கவலை வந்துவிட்டது, பம்பு எரிந்துவிட்டால் என்ன செய்வது என்று. வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போகாமல் கார்க்கடியில் போய்ப் படுத்துவிட்டார்.

இது கிளாண்டு இல்லை, இந்தச் சீல் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும், சொட்டினால்தான் ஆபத்து என்று நீங்கள் கரியால் போர்ட்டிகோத் தரையில் படம் போட்டுக் காட்டினீர்கள். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தலையாட்டலின் வேகத்திலேயே தெரிந்தது. பாயிடம் வாங்கிய இரண்டாவது சீலை அவர் கண் முன்னால் மாட்டினீர்கள். கழற்றிய சீல் கிழிந்துவிட்டது. அதன் ஸ்பிரிங்கை என்னிடம் கொடுத்து, "நீங்க வெச்சுக்குங்க. இவரு கண்ணுல பட்டா மறுக்காவும் ஓசனை வந்துபோடும்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வெள்ளகோவில் போனோம். நீங்கள் ஓட்ட, அண்ணன் பக்கத்தில், நான் பின்னால் ஆயில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. பல்லடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பானட்டைத் திறந்து பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். காங்கேயத்தில் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குனிந்து ரோட்டில் சொட்டு இருக்கிறதா என்று தேடினார், இல்லாததால் முகம் சுருங்கினார். நீங்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ பெரிய பிரேக்டவுன் என்று நின்று உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லீங்க, வண்டி நல்லா இருக்குது, அதுதான் இவருக்குப் பிரச்சனை என்று சொல்லி அனுப்பினீர்கள். வெள்ளகோவிலில் உங்கள் அப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்போது தடவிப் பார்த்து, விரல் நுனியெல்லாம் ஏன் கொப்பளித்திருக்கிறது என்று கேட்டார். அண்ணன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நீங்கள் வெண்ணெய் எடுக்க ஓடினீர்கள்.

அந்தப் பம்பு அதன் பிறகு சொட்டவே இல்லை. கார்தான் அதைச் சுற்றித் துருப்பிடித்துப்போனது.

போன ஐப்பசியில் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வெள்ளகோவில், சென்னிமலை, எங்கெங்கிருந்தோ சனம் வந்தது. எல்லாரும் அழுதோம். எதிர்வீட்டு அம்மணி அழுத அழுகைக்கு அவர் பேசிய புரளியெல்லாம் கழுவிப் போயிருக்கும். அண்ணன் மட்டும் நாற்காலி போடச் சொன்னார், வந்தவர்களுக்குக் காபி வந்ததா என்று பார்த்தார். ஐஸ் பெட்டிக்கு அடியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வந்தவர், பட்டறையில் குனிகிற அதே மாதிரிக் குனிந்து அந்தச் சொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "ஒரு பாத்தரம் வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கும் அழவில்லை, அதற்கப்புறமும் இல்லை. காரியத்தன்று இல்லை, உங்கள் சீப்பை எடுத்து வைத்தபோது இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார். எல்லாரும் தைரியமான மனுசன் என்கிறார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வாரத்தில் பாதி நாள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் போகிறேன், அவர் தோளில் கையை வைத்துச் சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவர் முறைக்கிறார். சொட்டு விடாத விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி நங்கை, நீங்கள் கரியால் போட்ட படம் இல்லை.

இன்றைக்கு வாட்ச்மேன் போனதும், அந்தப் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். சிரிக்கட்டும் என்றுதான். முட்டி போட்டது, மோந்து பார்த்தது, ஆரத்தித் தண்ணீர், எல்லாவற்றையும் கொஞ்சம் மசாலா தூவிச் சொன்னேன். சிரித்தார். நன்றாகவே சிரித்தார். நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஏதாவது சேர்த்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

நான் போனை வைக்கவில்லை. நடக்காமல், ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டேன். பால் பாக்கெட் சூடேறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா, அந்த ஸ்பிரிங்கு உங்கிட்டத்தான இருக்குது?"

இருக்குதுங்க அண்ணா என்றேன். பர்சில்தான் இருக்கிறது, சில்லறை வைக்கிற அறையில், எத்தனை பர்ஸ் மாறினாலும்.

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.